பிளைத்பரோ தேவாலயத்துக்குத் தமிழில் ஒரு கைப்புத்தகம்: நன்கொடை வேண்டுகோள்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறோம். வழியில், பிளைத் ஆற்றுச் சதுப்பை ஒட்டி, பிளைத்பரோ என்ற சின்ன ஊருக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய தேவாலயம் ஒன்று நிற்கும்: ஹோலி டிரினிட்டி. போன கோடையில் எங்கள் குழுவில் ஒருவரின் மாமியார் அங்கே ஒரு பெஞ்சின் ஓரத்தில் நின்றுவிட்டார். வீங்கிய தொந்தியோடு மரத்தில் செதுக்கிய ஒரு ஆள். "பாவம், இவருக்கு என்ன வயிற்று வலியா?" என்றார். அது பெருந்தீனிக்காரன், பாவங்களை ஆட்களாகச் செதுக்கிய வரிசையில் ஒருவன். மற்ற பெஞ்சுகளில் படுக்கையை விட்டு எழாத சோம்பேறி, நாக்கை நீட்டிய கோள்மூட்டி, பணப்பெட்டி மேல் உட்கார்ந்த கருமி. எல்லாம் 15-ஆம் நூற்றாண்டுத் தச்சு வேலை. அப்புறம் அவருக்கு நகர மனமில்லை. எங்களுக்குத்தான் தமிழில் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே 32 பக்கத்தில் ஒரு கைப்புத்தகம். பாதி எழுதியாகிவிட்டது.

கூரைக்கு மட்டும் ஆறு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். உத்திரங்களின் நடுவில் இறக்கை விரித்த மரத் தேவதூதர்கள், முதுகோடு முதுகு ஒட்டி. பழைய சிவப்பும் பச்சையும் இன்னும் மங்கலாகத் தெரியும். 1644 ஏப்ரலில், உருவ வழிபாடு கூடாது என்ற நாடாளுமன்ற ஆணைப்படி படங்களையும் சிலைகளையும் உடைக்க வந்த வில்லியம் டவுசிங், இருபது தேவதூதர்களை இறக்கச் சொல்லி உத்தரவிட்டுப் போனார். எட்டாத உயரம், மிச்சமானவை இன்றும் மேலே இருக்கின்றன. அவற்றில் பாய்ந்திருந்த ஈயக் குண்டுகளுக்கும் அவர் ஆட்கள் மேல்தான் பழி சொன்னார்கள். உண்மையில் அவை 18-ஆம் நூற்றாண்டில் உள்ளே புகுந்த காக்கைகளைச் சுட்டதால் வந்தவை. வடக்குக் கதவின் கருகிய தடங்கள் ஒரு கறுப்புப் பேய் நாய் பதித்தவை என்று ஒரு கதை உண்டு. 1577 ஆகஸ்ட் 4 அன்று கோபுர உச்சி இடிந்து இருவர் இறந்த புயலோடு சேர்த்து அதைச் சொல்வார்கள். நாயை நம்புவது உங்கள் விருப்பம்.

அச்சுக்கும் படங்களுக்கும் 900 பவுண்ட் வேண்டும். ஐந்து பவுண்டும் சரி, ஐம்பதும் சரி. வரவு செலவை எல்லோருக்கும் அனுப்புவோம். மிஞ்சுவது தேவாலய உண்டியலுக்கு. தேவாலயத்தார் சம்மதித்தால் பிரதிகளை அங்கேயே வைப்போம். இல்லையென்றால் போகும்போது நாமே கையில் எடுத்துப்போகலாம்.

பணம் தர வசதிப்படாதவர்கள் ஒரு சொல் தாருங்கள். தூண்களுக்கு மேலே, பக்கத்துக்குப் பதினெட்டாக ஓடும் சன்னல்களை 'கிளியர்ஸ்டோரி' என்கிறார்கள். 'மேல்சன்னல் வரிசை' என்று எழுதி வைத்திருக்கிறோம், மனசு ஒப்பவில்லை.