அண்ணாச்சி நோட்டுக்கு ஒரு கும்பிடு

எல்லாருக்கும் வணக்கம். நம்ம மியூசியத்துக்குள்ள தண்ணி புகுந்த ராத்திரி என்ன நடந்துச்சுன்னு மறுபடி எழுத தெம்பு இல்ல, இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேரு அன்னைக்கு ராத்திரி முழங்கால் தண்ணியில எங்ககூட நின்னவங்கதான். நம்ம யுனிவர்சிட்டி மியூசியத்துல பெருசா எதுவும் போகல, அதை முதல்ல சொல்லிடுறேன். கூத்துல ஆட்டுற தோல்பாவை எல்லாம் நிழல்ல காயுது. வெயில்ல போட்டா தோலு முறுக்கிக்கிட்டு விறைச்சுரும், அதனால நடுவுல வெள்ளை பேப்பர் வச்சு மேல பலகையை ஏத்தி, பேப்பரை மாத்தி மாத்தி வச்சுட்டு இருக்கோம். பத்தமடைப் பாய்ல கொஞ்சம் பூஞ்சை தெரியுது, பாத்துக்கலாம்.

ஹாஸ்டல் பிள்ளைங்க, மரச்செப்பு சாமானை போர்வையில பொதிஞ்சு மாடிக்கு தூக்குன என்எஸ்எஸ் பசங்க, நடுராத்திரி ஷட்டரைத் தூக்கி கட்டுக்கட்டா ஏ4 பேப்பர் எடுத்துக் கொடுத்துட்டு காசே வாங்காத ஜெராக்ஸ் கடை அண்ணன், எதை முதல்ல எடுக்கணும்னு விடிய விடிய போன்லயே சொல்லிக்கொடுத்த கன்சர்வேஷன் மேடம், கேன்டீன் அக்கா, எல்லாருக்கும் சேர்த்து நன்றி. தனித்தனியா வந்து சொல்றேன்.

இந்த மடல் முக்கியமா ஒருத்தருக்குத்தான். பேரு போடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு, அதனால அண்ணாச்சின்னே எழுதுறேன். நம்ம மியூசியத்துல அட்டெண்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு.

பொருள் பிழைச்சுச்சே தவிர ரெஜிஸ்டர் பிழைக்கல. மை கரைஞ்சு பக்கம் பூரா நீலம், பொருள்ல கட்டியிருந்த சீட்டெல்லாம் கழண்டு தண்ணியில மிதக்குது. அதுக்குப் போயி ஏன் அப்படி இடிஞ்சு உக்காந்துட்டீங்கன்னு சிலர் கேட்டாங்க. மியூசியத்துக்குள்ள ஒண்ணு வந்தா அதுக்கு ஒரு அக்செஷன் நம்பர், அதாவது பதிவு எண் போட்டு, யாரு கொடுத்தது, எந்த ஊரு, விலைக்கா தானமா, என்ன சொல்லிக் கொடுத்தாங்கன்னு எழுதி வைக்கணும், அது போயிட்டா நம்ம கையில இருக்குறது வெறும் பழைய ஆட்டுத்தோலு, அவ்வளவுதான்.

அப்பத்தான் அண்ணாச்சி மஞ்சப்பையோட டவுன் பஸ்ல வந்து இறங்குனாரு. பாலிதீன் கவர் சுத்துன கோடு போட்ட நோட்டு. "இது ஒதவுமான்னு பாருங்க." ஊர் ஊரா சேகரிக்கப் போறப்பல்லாம் பொருளைத் தூக்கிக் கட்ட கூட வந்தவரு, நாங்க விலை பேசிட்டு இருக்கையில இவரு திண்ணையில உக்காந்து இதை எழுதிட்டு இருந்திருக்காரு!

"அனுமன், பெருசு. வால்ல ஒட்டு இருக்கு. அவங்க பெரியப்பா ஆட்டுனது. மூத்த மவ கல்யாணக் கடனுக்குக் கொடுக்காங்க."

"உளுவத்தலையன். போன வாரம் தரமாட்டேன்னுட்டாங்க. உச்சிக்குடும்பன் போன பொறவு இவன் மட்டும் இங்க தனியா என்ன செய்வான்னு இன்னைக்கு அவங்களே எடுத்துக் கொடுத்துட்டாங்க." (ரெண்டு பேரும் பாவைக்கூத்துல சேர்ந்தே வர்ற கோமாளி ஜோடி.)

"பாய். பொண்ணு மாப்பிள்ளை பேரு போட்டு நெய்தது. கல்யாணம் நின்னுபோச்சாம். பேரை யாருக்கும் சொல்லாண்டாம்னு கேட்டாங்க."

ரெஜிஸ்டர்ல இந்த மூணுக்கும் ஒவ்வொரு வரிதான் இருந்துச்சு, அதுவும் நீளம் அகலம் விலையோட சரி.

ஏன் அண்ணாச்சி எழுதுனீங்கன்னு கேட்டேன். "நாளைக்கு அவங்க பேரப்பிள்ளை வந்து கேட்டா சொல்லணும்லா" அப்படின்னாரு. கேன்டீன்ல டீ குடிச்சாரு, பஸ் புடிச்சுப் போயிட்டாரு.

யுனிவர்சிட்டி மியூசியம்னா யாரோ லட்சக்கணக்குல ஒதுக்கி ஏலத்துல வாங்குறாங்கன்னு வெளிய ஒரு நினைப்பு இருக்கு. இங்க மூணு கொட்டேஷன் வேணும்னு ஃபைலு திரும்பி வரும், அனுமனுக்கு மூணு கொட்டேஷன் எங்க போயி வாங்க? 1937-ல கல்கத்தா யுனிவர்சிட்டியில ஆரம்பிச்ச அசுதோஷ் மியூசியத்துலயும் வங்காளத்து கிராமங்கள்ல இருந்து காந்தா துணி, படச் சுருள், சுடுமண் பொம்மைன்னுதான் சேர்த்தாங்க. நாங்களும் கோயில் கொடை விழாவுக்குப் போயி, பாவைக்கூத்து நடத்துற, வீட்டுல மராத்தி பேசுற மண்டிகர் குடும்பங்களோட உக்காந்து பேசி, நம்பிக்கை வந்த பொறவு ஒண்ணு ரெண்டா வாங்குனதுதான் எல்லாம். கூத்து நின்னுபோன வீட்டுல பரண்ல கிடக்குறதைக் கூட சும்மா தூக்கிக் கொடுத்துர மாட்டாங்க, அது அவங்க அப்பா தாத்தா சோறு தின்ன பொழப்பு.

இனிமே ரெஜிஸ்டர்ல அண்ணாச்சி எழுதுன மாதிரி எழுத தனியா ஒரு கட்டம் இருக்கும், கொடுக்குறவங்க சொன்னதை சொன்ன மாதிரியே எழுதுவோம். நகல் ஒண்ணு வேற கட்டடத்துல இருக்கும். பாய் விஷயத்துல அந்தப் பேரு வெளிய வராது, அந்த வீட்டுக்காரங்க பயப்பட வேண்டாம்.

நோட்டு இப்ப ஸ்கேன் ஆகிட்டு இருக்கு. பொங்கல் கழிச்சு, பொருள் கொடுத்த வீடுகளுக்கு போட்டோவோட வாரோம், உங்க பாவையும் பாயும் எப்படி இருக்குன்னு காட்டிட்டு, நோட்டுல உள்ளதையும் படிச்சுக் காட்டுறோம், ஏதாச்சும் மாத்தி எழுதியிருந்தா அங்கயே திருத்திக்கலாம். அண்ணாச்சியும் வாரேன்னு சொல்லியிருக்காரு, வண்டியில முன் சீட்டு வேணுமாம்.