பொயின்ட் எலிஸ் பால விபத்து: உங்கள் நூலிலுள்ள பிழைகள் பற்றிய முறைப்பாடு

முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா / அம்மணி,

முல்லைத்தீவு மாவட்டத்திலுள்ள எமது கிராம வாசிகசாலைக்காக, நகரப் போக்குவரத்து வரலாறு குறித்து நீங்கள் வெளியிட்ட நூலின் இரண்டு பிரதிகளைக் கடந்த மாதம் தபால் மூலம் வாங்கினோம். ஒன்றில் பதினாறு பக்கங்கள் இரு தடவை சேர்த்துக் கட்டப்பட்டுள்ளன. அதை மாற்றித் தந்தால் போதும். எனது முறைப்பாடு ஆறாம் அத்தியாயத்தைப் பற்றியது.

1896 மே 26ஆம் திகதி, விக்டோரியா மகாராணியின் பிறந்தநாள் விழாவுக்குச் சென்றவர்களை ஏற்றிய மின்சார டிராம் வண்டி, பொயின்ட் எலிஸ் பாலம் உடைந்து நீரில் வீழ்ந்ததில் 55 பேர் இறந்தனர். இது நடந்த விக்டோரியா நகரம் கனடாவில் இருக்க, நீங்கள் அவுஸ்திரேலியா என்கிறீர்கள். பெயர் மயக்கம் என்று அதை விட்டுவிடலாம். விபத்துக்கு "முண்டியடித்து ஏறிய சனமே காரணம்" என்று எழுதியிருப்பதை விட முடியவில்லை.

ஏறத்தாழ 60 பேருக்கான வண்டியில் அன்று 143 பேர் இருந்தது உண்மைதான். ஆனால் அத்தனை பேரையும் ஏற்றிப் பாலத்தின்மேல் விட்டது டிராம் கம்பனி. 1885இல் எழுந்த அப்பாலம், அந்நகரில் டிராம் ஓடத் தொடங்கிய 1890க்கு முந்தியது. 1893இலேயே ஒரு டிராமின் பாரத்தால் தாழ்ந்தும் இருந்தது. மரம் உக்கிவிட்டதா என்று பார்க்க மாநகரசபையார் விட்டத்தில் துறப்பணத்தால் இட்ட துளைகள் வழியே நீர் இறங்கி, பார்க்கப் போன மரத்தையே உக்கச் செய்ததைப் பற்றி உங்கள் நூலில் ஒரு வரி கிடையாது. மரண விசாரணை யூரிமார் முதற்பொறுப்பைக் கம்பனிமீது சுமத்தி, மாநகரசபையையும் குற்றங்கண்டனர். 1899இல், குடியேற்ற நாடுகளின் வழக்குகளுக்கு அன்று இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த இலண்டன் கோமறைக் கழகமும் சபையின் பொறுப்பை உறுதிசெய்தது.

எங்கள் பிள்ளைகள் வட்டுவாகல் பாலத்தால் நெரிசலான பஸ்ஸில் தினமும் போய்வருபவர்கள். அந்த அத்தியாயத்தை வாசித்த ஒன்பதாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பக்கத்தில் விரலை வைத்தபடி, "அப்ப ஏறின சனத்திலதான் பிழையோ சேர்?" என்று கேட்டாள். இல்லை என்று விளக்க எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

ஆகவே, பிழையான பிரதியை மாற்றித் தருவதுடன், திருத்தத் துண்டொன்றை அச்சிட்டு, நூலை வாங்கிய எல்லோருக்கும் அனுப்ப வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதாயின் இரு பிரதிகளின் விலையையும் தபாற்செலவையும் திருப்பித் தாருங்கள். உங்கள் பதில் வரும்வரை அவற்றை இரவல் கொடுக்காமல் எனது மேசை லாச்சியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
வாசிகசாலைப் பொறுப்பாளர்