பாடும்போது ஏன் திக்குவதில்லை?

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. விடைத்தாள் திருத்தி முடிக்கும்வரை பேனாவைப் பார்க்கவே பிடிக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் வலி இப்போது தேவலை.

தீபா கணினிப் படிப்பை விட்டுவிட்டுச் சிறுநீரக ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாளா? பாட்டி பட்ட பாட்டைப் பார்த்த வேகத்தில் பேசுகிறாளோ என்று பயப்படுகிறாய். வேகம்தான். இருக்கட்டுமே. நான்சி வெக்ஸ்லர் என்ற அமெரிக்கரின் அம்மாவுக்கு ஹண்டிங்டன் நோய் என்று 1968-இல் தெரிந்தது. மூளையை மெல்ல மெல்ல அழிக்கும், பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள நோய் அது. நான்சி படித்தது உளவியல். ஆனாலும் 1979 முதல் வருடாவருடம் வெனிசுவேலாவின் ஏரிக்கரைக் கிராமங்களுக்குப் போய், வம்சாவளி எழுதி, ரத்த மாதிரி சேர்த்தார். நோய்க்குக் காரணமான மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்பது 1983-இல் பிடிபட்டது. அந்த மரபணுவே கையில் சிக்க இன்னும் பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தையும் தீபாவிடம் சொல்.

போன வருடம் ஆராய்ச்சி செய்ய என்னிடம் வந்த ஒரு பெண்ணின் தம்பிக்குத் திக்குவாய். போன் அடித்தால் இவள் கையில் திணித்துவிட்டு ஓடிவிடுவானாம். விண்ணப்பத்தில் இரண்டு பக்கத்துக்கு அவன் பட்ட அவமானம். படிக்கக் கஷ்டமாக இருந்தது, ஆனால் இதில் ஆராய என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "பாடினால் மட்டும் அவனுக்குத் திக்கவே திக்காது மேடம்" என்றாள். உள்ளே வந்து உட்கார் என்றேன். பாட்டிலும், பலர் சேர்ந்து வாசிக்கும்போதும் திக்கல் பெரும்பாலும் காணாமல் போகும். அது ஏன் என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை.

பேச்சுப் பயிற்சியாளர் ஆவதாகத்தான் இருந்தாள். ஒரு மாதம் சிகிச்சை அறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஒரே சொல்லை நாற்பது தடவை சொல்ல வைக்க எனக்குப் பொறுமை இல்லை" என்று வந்துவிட்டாள். இப்போது குரல் பதிவுகளில் இடைவெளிகளை மில்லிவினாடிக் கணக்கில் அளக்கிறாள். தம்பிக்கு இதனால் நேரடிப் பிரயோசனம் ஒன்றுமில்லை. அவளுக்கும் அது தெரியும்.

சொந்தக் கதையில் ஒரு கெடுதல் உண்டு. எதிர்பார்த்த விடை வராவிட்டால் தரவின்மேல் கோபம் வரும். எனக்கே வந்திருக்கிறது, நீ பார்த்திருக்கிறாய்!

அப்புறம், தீபாவைத் தடுக்காதே. டயாலிசிஸ் அறைக்கு வெளியே காத்திருந்த நேரத்தில் அவளுக்குப் புரியாமல் போனது எது என்று நாலு வரி எழுதி எனக்கு அனுப்பச் சொல். அதில் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் வரக்கூடாது.

அன்புடன்,
கௌரி