விதைக்க முன் இறக்குமதி வரியைச் சொல்லுங்கள்

வர்த்தக அமைச்சுக்கும் நிதி அமைச்சுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். யாழ்ப்பாணம் கோப்பாய்ப் பக்கம் செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வைக்கிற குடும்பம் எங்களுடையது. நாங்கள் இருக்கிற கல்வீட்டை அப்பு 1974இல் கட்டத் தொடங்கினார். முழுக்க மிளகாய்க் காசு. சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்த காலம் அது. 1977க்குப் பிறகு ஜே.ஆர். ஜெயவர்தன இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டார். வீட்டின் வெளிச்சுவர் கனகாலம் பூச்சில்லாமலே கிடந்தது.

அந்தக் காலம் திரும்ப வேண்டுமென்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு நல்ல காலம்தான். பாணுக்கு வரிசையில் நின்ற கொழும்புச் சனத்தைக் கேட்டால் வேறு கதை சொல்லும். 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் விழுந்தபோது எரிபொருளும் மருந்தும் இந்தியா தந்த கடனில் வந்ததையும் மறக்கவில்லை.

ஆனால் பக்கத்து நாடு எப்போதும் நம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்காது. 2023 டிசம்பரில் இந்தியா தன் சந்தை விலையை அடக்கப் பெரிய வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. இங்கே விலை எகிறியது. அவர்கள் தங்கள் சனத்தைப் பார்த்தார்கள், அதில் பிழையில்லை. இங்கே உள்ளூர்ச் செய்கை சுருங்கிப் போயிருந்ததுதான் நம் பிழை. மலிவு வெங்காயம் வருசக்கணக்காக வந்திறங்கினால் பெரிய வெங்காயம் வைக்கிற தம்புள்ளைக்காரர் யாரை நம்பி நாற்றுப் போடுவார்?

இப்படி வந்திறங்குகிற பண்டங்களுக்குத்தான் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற இறக்குமதி வரி வந்தது. அந்த வரி கூடாது என்று நான் சொல்லவில்லை. இரவோடிரவாக ஒரு வர்த்தமானியில் அதை ஏற்றி இறக்கலாம் என்பதுதான் எங்கள் கழுத்துக்குக் கத்தி. வரி ஏறும் முன் துறைமுகத்தை விட்டு வெளியே வந்த கொள்கலன் பழைய வரியோடு களஞ்சியத்தில் கிடக்கும். எப்போது ஏறும் என்று மோப்பம் பிடிக்கிறவருக்குக் கொள்ளை லாபம். எங்களிடம் களஞ்சியமும் இல்லை, மோப்பமும் இல்லை. கார்த்திகையில் நட்ட கிழங்கை மாசி, பங்குனியில் கிண்டியே ஆகவேண்டும். அந்தக் கிழமை வரி இறங்கினால், விதைக்கிழங்குக் காசும் உரக் காசும் கூலியும் மண்ணோடு போகும். தம்புள்ளையில் பெரிய வெங்காயம் பிடுங்குவது ஆவணி, புரட்டாசியில். மலைநாட்டு நுவரெலியாவின் கிழங்குக் கணக்கு இன்னொன்று. கொழும்பில் இருந்து போடுகிற ஒரே வரி எல்லாருக்கும் ஒரே நாளில் பொருந்தாது.

வரி எவ்வளவு என்பதில் நுகர்வோரோடு நாங்கள் இழுபறிப்படத் தயார். குறைத்தாலும் குறையுங்கள். ஆனால் அந்தப் போகத்துக்கான வரியை, அதன் பெயர் எதுவானாலும், நடுவதற்கு முன்பே அறிவித்து, அறுவடை முடியும்வரை கை வைக்காமல் விடுங்கள். எங்கள் கிழங்குக்கென்றால் புரட்டாசி முடியமுன் தெரிய வேண்டும். விதைக்கிழங்குக்குக் காசு கட்டுவதா, அந்த நிலத்தில் புகையிலை வைப்பதா என்று அப்போதுதான் வீட்டில் கதைப்போம்.

இப்படிக்கு,
கோப்பாயிலிருந்து ஒரு தோட்டக்காரன்