வெப்ப இழப்புக் கணக்கு இல்லாமல் விலை எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எரிவாயு உலையை அகற்றிவிட்டு, மண்ணுக்குள் பதித்த குழாய்கள் வழியே நிலத்தின் வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் நிலவெப்பத் தொகுதி பொருத்த விரும்பும் ரொறன்ரோ வீட்டுக்காரரிடம், விலை கூற வரும் முகவர்கள் சிலர் வீட்டின் சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டு 'ஐந்து டன் வேண்டும்' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இது ஏற்கத்தக்கதன்று. இங்கே டன் என்பது எடையன்று, கருவியின் திறன்; ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு (BTU என்னும் வெப்ப அலகு) வெப்பம். எத்தனை டன் தேவை என்பதை, சுவர், கூரை, யன்னல், காற்றுக்கசிவு ஆகியவற்றை ஆராய்ந்து போடும் வெப்ப இழப்புக் கணக்கே சொல்ல வேண்டும். கனடாவில் அதற்கென்றே எஃப்280 என்ற நியமம் உண்டு.

செலவின் பெரும்பகுதி மண்ணுக்குள்தான் போகிறது. ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியின் ஒடுங்கிய வளவுகளில் குழாய்களைக் கிடையாகப் பரப்பிப் பதிக்க இடமேது? செங்குத்தாகத் துளையிட்டால் டன்னுக்கு ஏறத்தாழ 150 முதல் 200 அடி ஆழம் வேண்டியிருப்பதால், தேவையற்ற ஒவ்வொரு டன்னும் பல ஆயிரம் டொலர்களை விழுங்கிவிடும். அளவுக்கு மிஞ்சிய கருவி அடிக்கடி நின்று இயங்கித் தேய்வதோடு, கோடையில் ஈரப்பதத்தையும் சரிவர நீக்காது. உச்சக் குளிரின் சுமையில் முக்கால் பங்குக்குக் கருவி அமைத்தாலே ஆண்டின் வெப்பத் தேவையில் பெரும்பகுதி நிறைவேறிவிடும். எஞ்சிய சில நாட்களை மின்சூடேற்றி பார்த்துக்கொள்ளும். பழைய வீடாயின் முதலில் கூரைக்கு வெப்பக்காப்பு இடுவதே மலிவு.

வெப்ப இழப்புக் கணக்கின் பிரதியையும் துளைகளின் ஆழத்தையும் விலைமதிப்புடன் இணைத்துத் தராத எவரிடமும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டாம் என வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்