லூபோஸின் வெண்கலக் கை

மாப்ளே,

சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, பேப்பரை வரி விடாமல் படிக்கிறாள்.

இத்தனை நாள் என்னைப் பிடித்து வைத்திருந்தது கெல்திபேரியம். ஸ்பெயினில் 2000 வருஷத்துக்கு முன்னால் பேசப்பட்டு, லத்தீன் விழுங்கிவிட்ட கெல்திய மொழி, அதாவது ஐரிஷ், வெல்ஷ் மொழிகளுக்குச் சொந்தம். "அங்கே உனக்கு என்னடா வேலை?" என்பாய். இதைச் சத்தமாகப் படி: "தொகொய்தொஸ்குவே சர்னிகியொகுவே." 1970-இல் சரகோசாவுக்குப் பக்கத்தில் பொதோரித்தாவில் கிடைத்த வெண்கலத் தகட்டின் முதல் வரியில் இருக்கிறது. அந்த 'குவே' நம்ம 'உம்' செய்கிற வேலையைத்தான் செய்கிறது. 'நீயும் நானும்' மாதிரி இரண்டு சொல்லின் வாலிலும் ஒட்டிக்கொள்கிறது. தமிழய்யா மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லித் தந்த எண்ணும்மை! வினைமுற்றும் பெரும்பாலும் கடைசியில்தான். உடனே சொந்தம் கொண்டாடக் கிளம்பிவிடாதே, உன்னைத் தெரியும். லத்தீன் 'குவே'யும் சமஸ்கிருதத்துச் 'ச'வும்தான் அதற்கு உடன்பிறப்பு.

எழுத்து, ஸ்பெயினின் கிழக்குக் கரைப் பக்கம் வாழ்ந்த ஐபீரியரிடம் வாங்கியது. 'பக்கம்', 'பங்கம்' இரண்டுக்கும் நாம் ஒரே 'க' போடுகிறோமே, அங்கேயும் அப்படித்தான். 'த்ரெ' என்று சேர்த்து எழுத வழியில்லை. அதனால் கொன்த்ரெபியா என்ற ஊர் 'கொன்தெபியா' ஆகிவிடும்.

அந்த ஊர்க்காரன் ஒருவன்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பாரிஸில், பிரான்ஸ் தேசிய நூலகத்தில், இரண்டு கைகள் கோத்த வடிவில் ஒரு சின்ன வெண்கலம் இருக்கிறது. வெளியூர்க்காரனை விருந்தாளியாக ஏற்றுக் காப்போம் என்ற விருந்துறவுக்கு அடையாளமாகக் கொண்டுபோவது. அதில் இவ்வளவுதான்: "லூபோஸ் அலிசொகும் அவலொ கெ கொன்தெபியஸ் பெலைஸ்கஸ்." அலிசொகர் கூட்டத்தவன், அவலோஸ் மகன், கொன்த்ரெபியா பெலைஸ்காவிலிருந்து லூபோஸ். 'கும்' கூட்டத்தைச் சொல்கிறது, 'கெ' மகன் என்பதன் சுருக்கம், ஊர்ப்பெயர் வாலில் உள்ள 'ஸ்' நம்ம 'இலிருந்து'. வெளியூர் வாசலில் நின்று அதை நீட்டியிருப்பான் இல்லையா? அதை நினைத்தாலே எனக்கு என்னவோ செய்கிறது.

அதே ஊரில் கி.மு. 87-இல் ஒரு வாய்க்கால் வழக்குக்குத் தீர்ப்பெழுதி வெண்கலத்தில் வெட்டியிருக்கிறார்கள். முழுக்க லத்தீன். அதிகாரிகளில் ஒருவன் பெயர் லுப்புஸ் உர்தினோகும். கூட்டப்பெயரில் மட்டும் அந்தப் பழைய 'கும்' விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பேரன் உன்னை இங்கிலீஷில் பேசச் சொன்னான் என்று எழுதியிருந்தாயே, சிரித்துக்கொண்டே எழுதியதுபோல. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். உன் அப்பா கையெழுத்தில் ஊருக்கு ஒரு எழுத்து, தாத்தாவுக்கு ஒரு எழுத்து, அப்புறம்தான் பெயர். பேரனுடைய பாஸ்போர்ட்டில் நம்ம ஊர் எழுத்தைப் போட்டீர்களா?

ஐப்பசியில் வருகிறாய்தானே? அந்தக் கைகளின் படத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அவனையும் கூட்டிக்கொண்டு வா.

உன்
மாப்ளே