முப்பத்திரண்டு டோன் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியிலேயே பாட்டு போட விரும்பும் இளைஞர்களுக்காகப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களோடு நின்றுவிடுகின்றன: எந்த சின்தசைசர் (ஒலியைச் செயற்கையாக உருவாக்கும்) மென்பொருள் இலவசம், அதற்கு ஆயிரக்கணக்கில் டோன், அதாவது அமைத்துச் சேமித்துவைத்த ஒலி, எங்கே கிடைக்கும். டவுன்லோட் செய்த பிறகு அவற்றை என்ன செய்வது என்று எழுதுவோர் குறைவு. சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சின்தசைசரை நிறுவினாலே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டோன்கள் கூடவே வந்து இறங்குகின்றன. ஒவ்வொன்றையும் அரை நிமிடம் கேட்டால்கூடப் பதினாறு மணி நேரம் தாண்டிவிடும். மெட்டு மனதில் இருக்கும்போது உட்கார்ந்தவர், டோன் தேடி முடிப்பதற்குள் மெட்டையே மறந்துவிட்டு எழுந்துபோகிறார். திறமைக்குறைவால் வருவதல்ல இது, ஒழுங்கு செய்யாததால் வருவது. கொஞ்சம் விரிவாக எழுத இடம் கேட்கிறோம்.

டோனைச் சேமிக்கவே முடியாத காலம் ஒன்று இருந்தது. 1970-ல் வந்த மினிமூக் கருவியில் பிடித்த ஒலி கிடைத்தால், எந்தக் குமிழ் எங்கே நிற்கிறது என்று தாளில் வரைந்துகொள்வதுதான் வழி. 1978-ல் வந்த புராஃபெட்-5 குமிழ்களின் நிலையைத் தன் நினைவிலேயே வைத்துக்கொண்டது. முதலில் 40 இடங்கள். 1983-ல் யமஹா டிஎக்ஸ்7 வந்தபோது உள்ளே இருந்தவை 32 இடங்கள். ஒரு டோனுக்கு 128 பைட், அதில் பெயருக்குப் பத்து எழுத்து. 32 டோன்களும் அடங்கிய கோப்பு மொத்தம் 4,104 பைட். அதே கோப்பை டெக்ஸெட் என்ற இலவச மென்பொருள் இன்றும் திறந்து வாசிக்கிறது. இடம் 32 தான் என்றால், புதிதாக ஒன்று உள்ளே வரப் பழையது ஒன்று வெளியே போயாக வேண்டும். அந்த நெருக்கடிதான் தேர்வு செய்யவைத்தது. இன்று நாமே அந்த எல்லையைப் போட்டுக்கொள்வது நல்லது. பாஸ் நான்கு, பின்னணியில் விரித்துப்போடும் பேட் ஆறு, ஸ்ட்ரிங்ஸ் நான்கு, பியானோ வகை நான்கு, தனியாகப் பாடும் லீட் எட்டு, மீட்டுவதும் தட்டுவதுமாக ஆறு. மெல்லிசைக் கச்சேரிக்கும் சரி, குறும்படத்துக்குப் பின்னணி போடவும் சரி, இது தாராளம். விகிதத்தை அவரவர் வேலைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்; மொத்தத்தை மட்டும் ஏற்றாதீர்கள்.

தேர்வில் முதலில் ஏமாற்றுவது சத்தம். ஒரு டோன் மற்றதைவிட இரண்டு டெசிபல் கூடுதலாக இருந்தால், ‘இது சத்தமாக இருக்கிறது’ என்று காது சொல்லாது; ‘இது நல்ல டோன்’ என்றுதான் சொல்லும். டோன் செய்து தருபவர்களுக்கும் இது தெரியும் என்பதால் பல தொகுப்புகள் உரத்தே வருகின்றன. ஆகவே கேட்கத் தொடங்கும் முன் ஒலியளவைச் சமன் செய்ய வேண்டும். ஸ்பீக்கர் வால்யூமை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு அதைத் தொடாதீர்கள். யூலீன் போன்ற இலவச லவுட்னஸ் மீட்டர் ஒன்றைப் போட்டு, நீண்டு ஒலிக்கும் டோன்கள் எல்லாம் ‘ஷார்ட் டெர்ம்’ அளவில் சுமார் மைனஸ் 20-ல் நிற்குமாறு செய்யுங்கள். மீட்டும் டோன்களுக்கு இந்த எண் பொருந்தாது. உச்சம் அதிகம், சராசரி குறைவு என்பதால் மீட்டர் அவற்றைக் குறைத்துக் காட்டும்; அங்கே காதுதான் முடிவு செய்ய வேண்டும். மிக்சரின் ஃபேடரில் குறைத்துப் பயனில்லை, அது டோனோடு சேமிக்கப்படுவதில்லை. சின்தசைசருக்கு உள்ளேயே இருக்கும் வால்யூமில் குறைத்து, பிறகு சேவ் செய்ய வேண்டும்.

இரண்டாவது ஏமாற்று, எதிரொலி. ரிவெர்பும் டிலேயும் சேர்ந்தால் சாதாரண ஒலியும் கோயில் மண்டபத்தில் கேட்பதுபோல் ஆகிவிடும். தனியாகக் கேட்க சுகமாகத்தான் இருக்கும். ஆனால் பாட்டில் எட்டு டிராக், எட்டிலும் தனித்தனி ரிவெர்ப் என்றால் பாடகர் குரல் சேற்றில் புதைந்துபோகும். கணினியின் சுமையும் ஏறும். கேட்கும்போதே இவ்விரண்டையும் நிறுத்திவிடுங்கள். அதன் பிறகும் நிற்கிற டோன்தான் டோன். ரிவெர்ப் வேண்டுமென்றால் எல்லா டிராக்குக்கும் பொதுவாக ஒன்றை மிக்சரில் வைத்துக்கொள்ளலாம். டிஸ்டார்ஷன், கோரஸ் போன்றவை சில டோன்களின் உடம்பாகவே இருக்கும். அவற்றைப் பிடுங்க வேண்டாம்.

மூன்றாவதாக, ஒவ்வொரு டோனுக்கும் கை போன போக்கில் வேறு வேறு எதையாவது வாசித்துப் பார்த்தால் ஒப்பிட முடியாது. ஒரே ஒரு சோதனைத் துண்டை மிடியில் (ஒலியை அல்ல, எந்தக் கட்டை எப்போது எவ்வளவு அழுத்தப்பட்டது என்பதைப் பதியும் முறை) பதிந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அதையே ஓடவிடுங்கள். டெம்போ 80-ல் ஆறு பார் போதும், 18 விநாடி. ஒரே ஸ்வரம் மூன்று அழுத்தத்தில், அதாவது வெலாசிட்டி 40, 80, 120, கீழே ஒரு ஆழமான ஸ்வரம், அதிலிருந்து நான்கு ஸ்தாயி மேலே ஒன்று, ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்), வேகமாக எட்டுத் தட்டு, கடைசியில் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து கீபோர்டின் ஓரத்தில் ஒலியை மாற்ற இருக்கும் மாடுலேஷன் சக்கரத்தை மெல்ல ஏற்றுவது. பல டோன்கள் இங்கேயே விழுந்துவிடும். மூன்று அழுத்தத்துக்கும் ஒரே ஒலி தந்தால் அதில் உயிரில்லை. மேல் ஸ்தாயியில் உலோகச் சீறல் வந்தால் அது லீடுக்கு ஆகாது, ஆனாலும் பாஸுக்கு ஆகலாம். கடைசியாக மிக்சரில், இடது வலது ஒலிகளை ஒன்றாக்கும் மோனோ பொத்தானை அழுத்திக் கேளுங்கள். ஹெட்போனில் இருபுறமும் அகலமாக விரிகிற சில டோன்கள் மோனோவில் பாதியாகச் சுருங்கிவிடும். இடதும் வலதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதே காரணம். கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர்கள் பல மோனோவில்தான் இணைக்கப்பட்டிருக்கும் என்பதை மறக்கக்கூடாது. இந்தக் கேட்கும் வேலையை ஒரே மூச்சில் செய்யாமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்வருவது நல்லது. களைத்த காதுக்குக் கூர்மையான டோன் மட்டுமே உறைக்கும். மறுநாள் கேட்டால் அது குத்தும்.

தேர்ந்த டோனை அப்படியே வைத்துக்கொள்ளாமல் நம் கைக்கு ஏற்பத் திருத்துவது அடுத்த வேலை. சர்ஜில் உள்ள ஒரு குழல் டோனையே எடுத்துக்கொள்வோம். பல லீட் டோன்கள் ஒரே நேரத்தில் பல ஸ்வரம் ஒலிக்கும் ‘பாலி’ நிலையில் இருக்கும். குழலுக்கு ஒரு மூச்சுதான். ஆகவே அதை ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம் ஒலிக்கும் ‘மோனோ’ நிலைக்கு (மேலே சொன்ன மிக்சர் மோனோ வேறு) மாற்றி, சிங்கிள் டிரிக்கரும் ஃபிங்கர்டு போர்ட்டமென்டோவும் சேர்ந்த நிலையைத் தேர்ந்தெடுங்கள். விரலை எடுக்காமல் அடுத்த கட்டையைத் தொட்டால் மட்டும் ஸ்வரம் வழுக்கும். விரலை எடுத்து வைத்தால் புதிதாகத் தொடங்கும். வழுக்கும் நேரம் 50 மில்லிவிநாடி அளவில் இருக்கட்டும்; 200 ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் போதையில் தள்ளாடும். பிறகு கீழ்வரிசையில் வெலாசிட்டி பொத்தானைத் தேர்ந்து, மறுபடி ஒருமுறை அழுத்தினால் ஸ்லைடர்கள் மாடுலேஷன் நிலைக்கு மாறும். அப்போது ஒலியின் கூர்மையைக் கட்டுப்படுத்தும் ஃபில்டர் கட்-ஆஃபைக் கொஞ்சம் இழுத்தால், அழுத்தி வாசிக்கும்போது மட்டும் ஒலி திறந்து வரும்.

பிட்ச் பெண்ட் அளவில், அதாவது பெண்ட் சக்கரம் ஸ்வரத்தை எவ்வளவு தூரம் வளைக்கும் என்பதில்தான் நம் ஊர் வாசிப்பாளர்களுக்குச் சிக்கல். பெரும்பாலான டோன்களில் இது இரண்டு அரைஸ்வரம் என்று இருக்கும். ச-விலிருந்து ப வரை ஜாரு (வழுக்கிச் செல்லும் கமகம்) போட ஏழு வேண்டும் என்பதால் பலர் ஒரேயடியாக 12 வைத்துவிடுகிறார்கள். விலை குறைந்த கீபோர்டுகள் பலவற்றில் பெண்ட் சக்கரம் 128 படிகளில்தான் நகரும். அளவு 2 என்றால் ஒரு படிக்கு மூன்று சென்ட் (அரைஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), காதுக்குத் தெரியாது. அளவு 12 என்றால் ஒரு படிக்குப் பத்தொன்பது சென்ட். நம் இசையின் மிகச் சிறிய சுருதி இடைவெளியான பிரமாண சுருதியே கிட்டத்தட்ட 22 சென்ட்தான். கமகம் வழுக்காமல் படிக்கட்டில் இறங்குவதுபோல் கேட்பதற்கு இதுவே காரணம். அசைவுக்கு 2 அல்லது 3 வைத்து ஒரு பிரதி, நீண்ட ஜாருவுக்கு 7 வைத்து இன்னொரு பிரதி என இரண்டாகச் சேமிப்பதே நடைமுறை. சர்ஜில் இந்த அளவு டோனோடு சேர்ந்தே சேமிக்கப்படுகிறது.

‘சேமிப்பது’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்ஜில் டோன் பெயருக்கு அருகே ‘பிடித்தது’ என்று குறிக்க ஓர் இதயக் குறி இருக்கிறது, வைட்டல் என்ற இன்னொரு சின்தசைசரில் நட்சத்திரம். பலர் அதை அழுத்திவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். சர்ஜின் இதயக் குறி டோன் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. இந்தக் கணினியில், இந்தப் பாதையில் உள்ள கோப்பு பிடிக்கும் என்று மென்பொருள் தனியே ஒரு பட்டியலில் குறித்துக்கொள்கிறது. டோன் கோப்புகளை மட்டும் வேறு கணினிக்கு எடுத்துப்போனால் குறி கூட வராது. நீங்கள் செய்த திருத்தமும் குறி போட்டதால் சேமிக்கப்படாது. முதல் சலிப்புக்குக் குறி போதும். இறுதிப் பட்டியலுக்கு வந்ததை ‘சேவ்’ கொடுத்து உங்கள் சொந்தக் கோப்பாக்க வேண்டும். அந்தச் சாளரத்தில் பெயர், வகை, செய்தவர், குறிப்பு என்று இடங்கள் உண்டு. செய்தவர் இடத்தில் முதலில் டோனை உருவாக்கியவரின் பெயரை அழிக்காமல் வையுங்கள். அது அவருடைய உழைப்பு. குறிப்பில், மாடுலேஷன் சக்கரம் என்ன செய்கிறது, எந்த ஸ்தாயிக்கு மேல் கெடுகிறது என்று ஒரு வரி எழுதினால் ஆறு மாதம் கழித்து நன்றாக உதவும்.

பெயரில் அழகு வேண்டாம், வேலை தெரிய வேண்டும். ‘லீட் 03 குழல் பெண்ட்2’ என்று இருந்தால் திறக்காமலே தெரிந்துவிடும். எண்ணை 3 என்று எழுதாமல் 03 என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் சில மென்பொருள்கள் 1-க்கு அடுத்து 10-ஐ வரிசைப்படுத்தும். கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பதே பாதுகாப்பு. சில திரைகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரியும்.

மிடி எண்ணால் டோன் அழைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மிடியில் புரோகிராம் எண் 0 முதல் 127 வரை. சில கருவிகள் அதை அப்படியே காட்டும், சில 1 முதல் 128 என்று காட்டும். 1991-ல் வந்த ஜெனரல் மிடி பட்டியலில் புல்லாங்குழல் 74. பூஜ்யத்திலிருந்து எண்ணும் கருவியில் 74 என்று போட்டால் ரெக்கார்டர் என்ற வேறொரு குழல் வந்து நிற்கும். அதே பட்டியலில் 105 சிதார், 112 ஷெனாய். வீணையும் இல்லை, நாகஸ்வரமும் இல்லை. ஷெனாயை நாகஸ்வரமாக்கி ஒப்பேற்றுவது பழக்கமாகிவிட்டது. நம் 32 இடங்களில் இரண்டையாவது பொறுமையாகச் செய்த சொந்த வீணை டோனுக்கும் நாகஸ்வர டோனுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

மேடையில் வேறு இரண்டு தொல்லைகள் உண்டு. டோன் மாற்றும்போது பழைய ஒலியின் வால் பட்டென்று அறுந்துவிடும். இரண்டு டிராக்கில் இரண்டு பிரதிகளைத் திறந்து வைத்து மாறி மாறி வாசித்தால் அறுபடாது. இன்னொன்று குரல் எண்ணிக்கை, அதாவது ஒரே சமயத்தில் ஒலிக்கக்கூடிய ஸ்வரங்களின் எண்ணிக்கை. சர்ஜில் அது வழக்கமாக 16. ரிலீஸ் (விரலை எடுத்த பின் ஒலி அடங்கும் நேரம்) ஆறு விநாடி உள்ள பேட் டோனில் நான்கு ஸ்வரக் கார்டை விநாடிக்கு ஒன்றாக மாற்றினால் ஒரே சமயம் 24 குரலுக்கு மேல் தேவைப்படும். மென்பொருள் பழைய ஸ்வரங்களைப் பிடுங்கும். எண்ணிக்கையை ஏற்றலாம், ஆனால் 44,100 ஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவைக்குக் கணக்கிடும் ஒலித்துண்டின் அளவு) 128 வைத்திருந்தால் கணினிக்கு ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று மில்லிவிநாடிகூடக் கிடைப்பதில்லை. சுமை ஏறினால் ஒலி பொரியும். அதைவிட ரிலீஸை இரண்டு விநாடியாகக் குறைப்பது மேல். அரங்கின் எதிரொலி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

32 கோப்புகளும் சேர்ந்தாலும் ஒரு பென் டிரைவின் மூலையில் அடங்கிவிடும். டோன்கள் உள்ள பேட்ச் கோப்புறையை அப்படியே இரண்டு இடத்தில் நகல் எடுங்கள், கூடவே அதே பதிப்பின் நிறுவு கோப்பையும். புதிய பதிப்பில் சேமித்தது பழைய பதிப்பில் சரியாகத் திறக்காமல் போகலாம். சர்ஜும் வைட்டலும் அலைவடிவங்களை டோனுக்குள்ளேயே வைத்துக்கொள்வதால் பிழைத்தோம். பதிவு செய்த ஒலியை வாசிக்கும் சாம்பிளர் வகைகளில் டோன் கோப்பு ஒலிக்கோப்பின் முகவரியை மட்டும் வைத்திருக்கும், கோப்புறையை நகர்த்தினால் ஊமையாகிவிடும். முடிந்த பாட்டுகளில் ஒவ்வொரு டிராக்கையும் வேவ் கோப்பாகவும் எடுத்து வைப்பது அவசியம். அந்த மென்பொருளே பத்து வருடம் கழித்து ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அடுத்த முறை தங்கள் நாளிதழில் இலவச டோன் தொகுப்புகளைப் பற்றி எழுதும்போது, சோதனைத் துண்டைப் பற்றியும் சத்தத்தைச் சமன் செய்வது பற்றியும் அதே பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சின்தசைசர் மென்பொருள் பயன்படுத்தும் வாசகர்கள் சிலர்,
மதுரை.